மண்ணா, லினோவா? வேலைக்குப் போய்க்கொண்டே கைவேலை கற்கத் தொடங்குபவர்கள் எதில் இறங்கலாம்?

ஈரோட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். வங்கி வேலை. வயது நாற்பதை நெருங்குகிறது. பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஓவியம் என்று எதையும் தொட்டதில்லை. மகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளும் வார நாட்களில் இரவு ஒரு மணி நேரமும் இப்போது என் கையில் இருக்கின்றன. திரையைப் பார்க்காமல், கையால் ஏதாவது உருவாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

இரண்டு விஷயங்கள் மனதில் ஓடுகின்றன. ஒன்று, சக்கரத்தில் மண்பாண்டம் வனைவது. இன்னொன்று, லினோ என்ற விரிப்பில் படத்தை வெட்டி, மை தடவித் தாளில் பதிக்கும் லினோகட் மாதிரியான அச்சுக்கலை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எது சரிப்படும்? ஒருநாள் பட்டறைக்குப் போனால் உண்மையிலேயே கற்க முடியுமா? ஒரு மின்சக்கரம் வாங்கி மொட்டைமாடியில் போட்டுக்கொள்ளலாமா என்றும் யோசனை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

மை விரல்

சக்கரத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஈரோட்டில், உங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் யாரிடம் சூளை இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். மண்பாண்டத்தில் எல்லாரும் சக்கரத்தையே பார்க்கிறார்கள். ஆனால் வனைந்ததைச் சுட வழியில்லை என்றால் அது வெறும் காய்ந்த மண். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சூளை உள்ளவர் கிடைத்த பிறகு, அவர் எந்த மண்ணைச் சுடுகிறாரோ அந்த மண்ணை வாங்குங்கள்.

நான் அச்சுக்காரன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் சொல்வேன். இரவில் ஒரு மணி நேரம் என்றால் லினோ உங்களுக்குப் பொருந்தும். சாப்பாட்டு மேசை போதும். ஒரு லினோ துண்டு, வி வடிவ உளி ஒன்று, யு வடிவ உளி ஒன்று, ஒரு ரப்பர் உருளை, ஒரு கண்ணாடித் துண்டு, மை, மெல்லிய தாள். பிரஸ் வேண்டாம், கரண்டியின் முதுகே போதும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். ஈரமண் அப்படிக் காத்திருக்காது.

சூளைமேடு வாசி

ஒருநாள் பட்டறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன்: அது கற்பது ஆகாது. சக்கரத்தில் உட்கார வைப்பார்கள். பயிற்றுநர் உங்கள் கைமேல் கைவைத்து ஒரு கிண்ணத்தை இழுத்துவிடுவார். போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்தால் தனியாக அதில் கால்வாசிகூடச் செய்ய வராது. அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை மண் வாங்கி, வீட்டிலேயே கையால் பிடித்துப் பழகினால் பலன் அதிகம்.

ஓவிய டீச்சர்

சூளைமேடு சார், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை, பிள்ளை, மாமியார், சமையல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு நாள் கிடைப்பதே பெரிய விஷயம். அங்கே போய்த்தான் இந்த மண் நமக்குப் பிடிக்கிறதா, முதுகு ஒத்துழைக்கிறதா, கையெல்லாம் சேறாக இருப்பதைத் தாங்க முடிகிறதா என்று தெரியும். அதைத் தெரிந்துகொள்ளப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் போகும்போதே கேட்டுவிடுங்கள்: அடுத்த வாரமும் வரலாமா? நான் செய்ததை நானே சுட்டுப் பார்க்கலாமா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லும் இடமாக இருந்தால் போங்கள்.

சென்னை வரும்போது முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவை எட்டிப் பாருங்கள். தென்னிந்திய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் அருங்காட்சியகம், 1996ல் திறந்தது. குயவர் சக்கரம் சுற்றுவதை அருகே நின்று பார்க்கலாம், உங்கள் மகளும் மண்ணைத் தொட்டுப் பார்க்கலாம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மையத்தில் அச்சுக்கூடமும் செராமிக் கூடமும் இருக்கின்றன. அவை கலைஞர்கள் விண்ணப்பித்து வேலை செய்யும் இடங்கள், தொடக்க வகுப்பு என்று நினைத்துப் போகாதீர்கள். ஆனால் அங்கே கண்காட்சி நடக்கும்போது அச்சுப் படங்களை நேரில் பாருங்கள். தாளில் மை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது போன் திரையில் தெரியவே தெரியாது.

கடற்கரைச் சாலை

பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். இந்த ஊருக்கு ஸ்டூடியோ மண்பாண்டம் வந்த கதை பலருக்குத் தெரியும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள் பாண்டியிலும் ஆரோவில்லிலும் தனித்தனியாகப் பட்டறை போட்டார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அந்த வழி வந்தவர்தான். அதனால் எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

புதியவர்களுக்கு நான் சொல்வது, முதல் மாதத்தில் ஒரு பாத்திரத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக நினைக்காதீர்கள். மண்ணைப் பிசைவது, அதைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவது, நேரான சுவர் இழுப்பது, இந்த மூன்று மட்டும்.

நடுவில் நிறுத்துவதுதான் எல்லோரையும் அழவைக்கும் இடம். கைப்பலத்தால் மண்ணை அடக்கப் பார்ப்பார்கள், அதுதான் சிக்கல். இடது முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி, கையை அசையாமல் வைக்க வேண்டும். மண் வந்து கையில் முட்டட்டும், கை மண்ணின் பின்னால் ஓடக்கூடாது. மண்ணைக் கூம்பாக மேலே ஏற்றி, மறுபடி கீழே அழுத்தி, இப்படிச் சிலமுறை செய்தால் ஒரு கட்டத்தில் ஆட்டம் நின்றுவிடும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், மண் சுற்றுவதே தெரியாது. அங்கே அவசரப்பட்டுக் கையை வெடுக்கென எடுத்தால் மறுபடி கோணிக்கொள்ளும். கையை விடுவதையும் மெல்லத்தான் விட வேண்டும்.

சுவர் இழுத்த பிறகு, உருளையை மேலிருந்து கீழாகக் கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். புதியவர் செய்ததை அறுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: விளிம்பு மெல்லிசாக, அடியோரம் தடியாக இருக்கும். மண் எல்லாம் கீழேயே தங்கிவிட்டது, அதை மேலே கொண்டுவரவில்லை என்று அர்த்தம். எந்த ஆசிரியரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த வெட்டுமுகம் காட்டிவிடும். அறுக்க மனம் வராதுதான், ஆனால் சுடாத மண் வீணாவதில்லை. முழுதாகக் காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு, பாரிஸ் சாந்துப் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பலகையில் பரப்பி ஈரம் இழுத்த பிறகு பிசைந்தால் மறுபடி புது மண்.

இன்னொன்று, அடிப்பாகத்தை விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் காயும்போது அடியில் 'எஸ்' வடிவத்தில் வெடிப்பு வரும்.

சூளைமேடு வாசி

டீச்சர் சொல்வது சரி. நேரம் இல்லாதவர்களின் நிலையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பட்டறைக்கு மேல் எதுவும் நடத்தாத இடங்கள்தான் என் கோபத்துக்குக் காரணம்.

கடற்கரைச் சாலைக்கு ஒரு கேள்வி. மண்ணில் காற்றுக்குமிழ் இருந்தால்தான் சூளையில் வெடிக்கும் என்று சொல்கிறார்களே, அதனால்தானே அவ்வளவு பிசைவது?

கடற்கரைச் சாலை

எங்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் வெடிப்பது ஈரத்தால். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், தடித்த பகுதியின் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கும். சூளை 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகி, வெளியே போக வழியில்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். அதனால்தான் தொடக்கத்தில் சூளையை மெதுவாக ஏற்றுகிறோம். காய்ந்துவிட்டதா என்று தெரிய பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இதற்கு மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

பிசைவது மண் முழுக்க ஒரே பதத்தில் இருக்க. குமிழ் இருந்தால் சுவர் இழுக்கும்போது கை தடுக்கி வளைந்துவிடும். அதற்காகவும் பிசைய வேண்டும்.

வேளார் வீட்டுப் பிள்ளை

இங்கே எல்லோரும் ஸ்டூடியோவைப் பற்றியே பேசுவதால் நானும் சொல்கிறேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் மண் வேலைதான். நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், ஆனால் லீவுக்குப் போனால் கை மண்ணில்தான்.

எங்கள் வீட்டில் யாரும் சக்கரத்தில் தொடங்கியதில்லை. முதலில் மண் மிதிக்கணும். கண்மாயிலிருந்து வந்த மண்ணை உடைத்து, ஊறப்போட்டு, மணல் சேர்த்து, காலால் மிதித்துக்கொண்டே சின்னக் கல், வேர், கிளிஞ்சல் எல்லாவற்றையும் பொறுக்கணும். கால்விரலுக்கு ஒரு கல் தட்டுப்பட்டால் குனிந்து எடுக்கணும். அப்படியே பல மாதம். பானை சுடும்போது எது வெடிக்கும், எது தாங்கும் என்கிற அறிவு அங்கேதான் வருகிறது. ஒவ்வொரு கண்மாய் மண்ணுக்கும் ஒரு குணம். தனியாகச் சுட்டால் விரியும் மண் இன்னொன்றோடு கலந்தால் நிற்கும்.

அப்புறம் தட்டுவது. ஊர்ப்பானை சக்கரத்திலேயே முழுதாக முடிவதில்லை. வாயும் கழுத்தும் சக்கரத்தில் வரும், அடி திறந்தே இருக்கும். கொஞ்சம் இறுகிய பிறகு உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் வயிறு விரிந்து அடி மூடும். இது எங்கள் அத்தையின் வேலை. தட்டும்போது அவர் கையைப் பார்க்க மாட்டார், சத்தத்தைக் கேட்பார். தடிமனான இடத்தில் 'தொம்' என்று மந்தமாகக் கேட்கும், மெலிய மெலியச் சத்தம் மேலே ஏறும். சுற்றிலும் ஒரே சத்தம் வந்தால் சுவர் ஒரே கனம். மானாமதுரைக் கடமும் தட்டித் தட்டித்தான் அந்த நாதத்துக்கு வருகிறது. 2023ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஈரோடு அக்காவுக்கு: உங்கள் ஊர்ப் பக்கமும் மண்பாண்டக்காரர்கள் இருப்பார்கள். போய்க் கேளுங்கள். ஆனால் இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் அகல்விளக்கு வேலை, மார்கழியில் பொங்கல் பானை. அப்போது போய்ச் சொல்லிக்கொடுங்கள் என்று நிற்காதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கல் முடிந்து போங்கள்.

இரண்டாவது, பணம். ஸ்டூடியோவில் ஒரு வகுப்புக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே அவர்களுக்கும் கொடுங்கள். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அரைநாள் உட்கார்ந்து, மண்ணைக் கெடுத்து, வீடியோ எடுத்துக்கொண்டு, ஒரு உண்டியல் வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பாவுக்கு அந்த அரைநாள் கூலி போச்சு. அவர் கேட்க மாட்டார். கேட்காததால் யாரும் கொடுப்பதும் இல்லை.

ஓவிய டீச்சர்

தம்பி, இதைச் சொன்னதற்கு நன்றி. பள்ளிப் பிள்ளைகளை ஒரு குயவர் வீட்டுக்கு அழைத்துப்போகும்போது தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். எல்லா ஆசிரியர்களும் செய்ய வேண்டியது இது. கலை, கைத்தொழில் என்று பிரித்து ஒன்றுக்கு மட்டும் கட்டணம் கட்டும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறிக்கிடக்கிறது. 1966ல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் மற்றவர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் ஓவியர்கள் தங்கள் காலில் நின்றார்கள். கைத்தொழில் காப்பாற்றிய ஓவியங்கள் அவை.

கடற்கரைச் சாலை

வேளார் வீட்டுத் தம்பி எழுதியதில் எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. அந்தச் சத்தம் பற்றிய பத்தியை எங்கள் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஊர்ச் சூளையின் சூடும் ஸ்டோன்வேர் சூளையின் சூடும் வேறு. வைக்கோலும் விறகும் போட்டு எரிக்கும் சூளை 700 முதல் 900 டிகிரி வரை போகும். அந்த மண் நுண்துளைகளோடு நிற்கும், தண்ணீர் கசிந்து ஆவியாகும், பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். ஸ்டோன்வேர் 1200க்கு மேல். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், தண்ணீர் கசியாது. ஒன்று உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்று கிடையாது. ஆனால் ஊர்க் களிமண்ணை ஸ்டோன்வேர் சூளையில் வைத்தால் உருகி வழிந்து, சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மை விரல் முதலிலேயே சொன்னார், சூளையைக் கேட்டுவிட்டு மண்ணை வாங்குங்கள் என்று.

ஜூரோங் தமிழன்

சிங்கப்பூரிலிருந்து. இங்கே ஜாலான் பஹாரில் தௌ குவாங் என்ற இடத்தில் 1940ல் கட்டிய டிராகன் சூளை இருக்கிறது. சரிவில் நீளமாகப் படுத்திருக்கும், விறகால் எரிப்பது. சூளை எரிக்கும் நாளில் ஆட்கள் முறைவைத்து விறகு போடுவார்கள். உங்களுக்கு அருகில் எங்கே சூளை எரித்தாலும் விறகு எடுத்துக்கொடுக்கவாவது போய் நில்லுங்கள்.

கேட்க நினைத்தது: காற்றில் காயும் களிமண் என்று கடையில் விற்கிறார்களே, அதில் பழகலாமா?

கடற்கரைச் சாலை

பொம்மை, அலங்காரப் பொருள் செய்யலாம். தண்ணீர் ஊற்றவோ சாப்பிடவோ கூடாது. மேலே வார்னிஷ் பூசினாலும் அது உணவுப் பாத்திரம் ஆகாது. உண்மையான களிமண்ணே விலை குறைவு, அதிலேயே கிள்ளுக் கிண்ணம், மண்ணைக் கயிறாக உருட்டிச் சுற்றி எழுப்பும் பானை எல்லாம் கையால் பழகுங்கள். ஐயனார் கோயில் குதிரைகள் எவ்வளவு உயரம்! அவை சக்கரத்தில் வந்தவை இல்லை, உள்ளே வெற்றிடமாகக் கையால் கட்டி எழுப்பியவை.

வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. காய்ந்த மண்தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அதில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல். மண் கலந்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவைத்து, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

ஈரோட்டுக்காரி

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சக்கரம் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். லினோவில் இப்போது தொடங்கி, பொங்கல் முடிந்ததும் இங்கே பக்கத்தில் உள்ள குயவர் ஒருவரிடம் பேசலாம் என்று முடிவு. தம்பி சொன்ன மாதிரி, பணத்தை முதலிலேயே பேசிவிடுவேன்.

மை விரல் சார், லினோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன். ஹார்டுவேர் கடையில் கேட்டால் தரைவிரிப்பைக் காட்டுகிறார்கள். எனக்கு வரையவும் வராது. பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்று அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஆசை.

மை விரல்

தாராளமாக. கடைக்காரர் காட்டியது வினைல். அதையும் வெட்டலாம், ஆனால் இழுபடும். உண்மையான லினோ ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, பின்னால் சணல் துணி வைத்துச் செய்வது. ஓவியப் பொருள் கடையில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் வரவழையுங்கள். வெட்டும்போது கெட்டியாக இருந்தால் சிறிது நேரம் வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு நன்றாகவே இளகிவிடும்.

வரையத் தெரியாதது தடையே இல்லை. முதல் துண்டில் படமே வேண்டாம். கோடு, புள்ளி, குறுக்குக்கோடு, அலை என்று உளியால் என்னென்ன தடம் விழும் என்று நிரப்பி அச்சடித்துப் பாருங்கள். வி உளியை மெல்லப் பிடித்தால் முடி மாதிரிக் கோடு, அழுத்தினால் அகலக் கோடு. அந்த ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டால் அதுவே உங்கள் அகராதி. வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930ல் தண்டி யாத்திரையை ஒட்டி லினோவில் செய்த காந்தி படத்தைத் தேடிப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், கையில் கோல், நடக்கும் கால்கள், அவ்வளவுதான். சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. வெட்டினால் வெள்ளை, விட்டால் கறுப்பு. நம்மவரான ஆர். எம். பழனியப்பனின் அச்சுப் படங்களையும் பாருங்கள், கோடு எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

உங்கள் கோலங்கள்தான் பொங்கல் அட்டைக்குச் சரியான தொடக்கம். புள்ளி வைத்த கோலத்தை வெள்ளைக் கோடாக வெட்டுங்கள். கோலம் போட்ட கை என்றால் கோட்டின் ஓட்டம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 'பொங்கல் வாழ்த்து' என்று எழுதுவதானால் ட்ரேசிங் தாளில் எழுதி, தாளைத் திருப்பிப் போட்டு, கார்பன் வைத்து லினோவில் பதியுங்கள். வெட்டும் முன் ஒரு கண்ணாடியைப் பக்கத்தில் நிறுத்திப் படித்துப் பாருங்கள். கண்ணாடியில் சரியாகப் படிக்க முடிந்தால் அச்சிலும் சரியாக வரும். ஒற்றெழுத்துப் புள்ளியும் கொம்பும்தான் தவறிப்போகும் இடங்கள்.

வெட்டும்போது மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். வளைவு வந்தால் உளியைத் திருப்புவதைவிட லினோவைச் சுழற்றுங்கள்.

மையைக் கண்ணாடியில் எடுத்து உருட்டும்போது காதைக் கொடுங்கள். மை அதிகம் என்றால் உருளை 'சப்சப்' என்று ஒட்டி ஒட்டி வரும். சரியான அளவில் மெல்லிய 'சர்ர்' சத்தம் கேட்கும், மேற்பரப்பு வெல்வெட் மாதிரித் தெரியும். அந்தச் சத்தம் வந்த பிறகு லினோவில் மெல்லிய படலமாக இரண்டு மூன்று தடவை ஏற்றுங்கள். ஒரே தடவை தடியாகப் பூசினால் மெல்லிய கோடுகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

மெல்லிய தாளை மேலே போட்டு, கரண்டி முதுகால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையைக் கையால் அழுத்திக்கொண்டு மற்ற மூலையைத் தூக்கிப் பார்க்கலாம், வெளிறிய இடம் இருந்தால் கீழே விட்டு மறுபடி தேயுங்கள். பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் அழகுதான், ஆனால் தடிமனானதைக் கரண்டியால் தேய்த்து அச்செடுக்கச் சிரமம். அதை அட்டையாக வைத்துக்கொண்டு, மெல்லிய தாளில் அச்சடித்து மேலே ஒட்டிவிடுங்கள்.

ஈரோட்டுக்காரி

கோலம் என்று சொன்னதும் பளிச்சென்று பிடிபட்டது. என் அம்மாவிடம் ஒரு பழைய கோல நோட்டு இருக்கிறது, வாங்கி வருகிறேன். கடைசியாக ஒன்று: தண்ணீர் மையா, எண்ணெய் மையா? மகளும் கூட உட்காருவாள்.

மை விரல்

மகளோடு என்றால் தண்ணீர் மை. சோப்பு போட்டால் போய்விடும். நம் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதுதான் குறை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேலை செய்யுங்கள். மகளுக்கு உளி வேண்டாம், பென்சில் ரப்பரில் சின்ன முத்திரை வெட்டச் சொல்லுங்கள். அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

அட்டைகள் நிறைய அடிக்கும்போது எண்ணெய் மைக்குப் போங்கள், கறுப்பு ஆழமாக வரும். அச்சகங்களில் பயன்படுத்தும் ஆஃப்செட் மை ஒரு சின்ன டப்பா கிடைத்தாலும் போதும், நாங்கள் படித்த காலத்தில் எல்லோரும் அதில்தான் அடித்தோம். உருளையையும் கண்ணாடியையும் முதலில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் பாத்திர சோப்பால் கழுவுங்கள், மண்ணெண்ணெய் நாற்றம் இல்லாமல் முடிந்துவிடும். அச்சுகளைத் துணிக்கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள், சில நாள் ஆகும் காய. எண்ணெய் மை துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெளியே விரித்துப் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.